28 ரூபாய் குத்தகை... 130 வருட நாடகம்! - சென்ட்ரல் பக்கத்துச் சிவப்பு அரங்கின் கதை

சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாக எழும்பூர் பக்கம் நடந்தால் முதலில் புறநகர் ரயில் நிலையம் வரும். கொஞ்சம் தள்ளி வெள்ளை வெளேரென்று மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை. இந்த இரண்டுக்கும் நடுவே சிவப்புச் செங்கல்லில் ஒரு கட்டடம் நிற்கும். வளைவு வளைவாக வராந்தா, ஒரு சதுரக் கோபுரம், அதன் தலையில் கேரளத்து வீட்டு ஓட்டுக்கூரை மாதிரி ஒரு தொப்பி.

டிப்ளமோ படித்த நாள்களில் தினமும் அந்தப் பக்கம்தான் போய் வந்தேன். ரிப்பன் மாளிகையின் பின்கட்டு அலுவலகம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சாரம் கட்டி, தகரத் தடுப்பு வைத்து மறைத்திருந்த கட்டடத்தை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?

அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். 'நகரமண்டபம்', 'டவுன் ஹால்' என்றும் பெயர் உண்டு. நவீனத் தமிழ் நாடகம் வளர்ந்த மேடை அது. மெட்ராஸ்வாசிகள் முதன்முதலாக 'படம் ஓடுவதை'ப் பார்த்த இடங்களில் ஒன்று. விவேகானந்தர் பேசிய கூடம். பிற்பாடு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கட்டடமும் அதுவே.

"90 விநாடி ரீல் ஒண்ணு பண்ணிடு" என்றுதான் ஆபீஸில் சொன்னார்கள். படிக்கப் படிக்க ரீலுக்குள் அடங்கவில்லை. அதனால் இந்த வாரம் கட்டுரையாகவே படியுங்கள்.

பூங்காவுக்குள் ஒரு மண்டபம்

இன்றைக்கு அந்த இடத்தில் நின்றால் ஹாரன் சத்தம்தான் கேட்கும். 160 வருடங்களுக்கு முன்பு அது பூங்கா. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் ஆரம்பித்த 'பீப்பிள்ஸ் பார்க்'. 116 ஏக்கர், உள்ளே குளங்கள், மிருகக்காட்சி சாலை. 'பார்க் டவுன்', 'பார்க் ஸ்டேஷன்' என்று நாம் இன்றும் சொல்வது அந்தப் பூங்காவின் மிச்சம்தான். பெயர் இருக்கிறது, பூங்காதான் இல்லை.

அந்தப் பூங்காவின் ஒரு பகுதியில் நகரத்துக்கென ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று அன்றைய பெரிய மனிதர்கள் கூடி முடிவு செய்தார்கள். 1883 டிசம்பர் 17-ம் தேதி அடிக்கல் நாட்டியவர் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு. பெரிய தொகை கொடுத்தவரும் அவர்தான். விக்டோரியா மகாராணி பட்டமேறிய பொன்விழா 1887-ல் வந்ததால், மண்டபத்துக்கு ராணியின் பெயரே அமைந்தது.

வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஸோம். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸும் திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியமும் இவர் கைவண்ணம். அந்தக் கோபுரத் தொப்பி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? திருவிதாங்கூர் பாணியை சிஸோம் மெட்ராஸுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார். கட்டியவர் நம்பெருமாள் செட்டி. அந்தக் கால மெட்ராஸில் செங்கல் சிவப்பில் கம்பீரமாக ஒரு கட்டடம் இருந்தால், கட்டிய மேஸ்திரி யார் என்று கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் இவர் பெயர்தான் வரும்.

கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம். ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் உட்காரலாம். கிழக்கு ஓரத்தில் மரத்தாலான கேலரி, அதில் இன்னும் 200 பேர்.

இனிமேல்தான் சுவாரஸ்யம். நிலம் நகராட்சியுடையது. 57 கிரவுண்ட். அதை அறக்கட்டளை ஒன்றுக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். கிரவுண்டுக்கு எட்டணா வீதம் வருடத்துக்கு 28 ரூபாய்! குத்தகை 1886-ல் தொடங்குகிறது. 1985-ல் முடியும். இந்த 1985-ஐ மனதில் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

உள்ளே பேச வந்தவர், வெளியே பேசினார்

'பப்ளிக் ஹால்' என்று பெயர் வைத்தார்கள். பப்ளிக் எல்லோரும் உள்ளே வர முடிந்ததா?

இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1897 பிப்ரவரி. சிகாகோவில் பேசி உலகப் புகழோடு திரும்பிய விவேகானந்தர் மெட்ராஸுக்கு வருகிறார். விக்டோரியா ஹாலில் வரவேற்புக் கூட்டம். மண்டபம் நிறைந்துவிட்டது. வெளியே அதைவிடப் பல மடங்கு கூட்டம், உள்ளே வர முடியாமல் குரல் கொடுக்கிறது. விவேகானந்தர் கூடத்தை விட்டு வெளியே வந்து, ஒரு குதிரை வண்டியின் மேல் ஏறி நின்று பேசினார். ஆங்கில முறைப்படி நடக்கவேண்டிய கூட்டம், கீதை சொன்ன மாதிரி தேர் மேல் நின்று பேசும்படி ஆகிவிட்டதே என்று அவரே வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அந்தச் சத்தத்தில் ரொம்ப நேரம் பேச முடியவில்லை. 'என் போர்முறை' என்று நாம் படிக்கும் புகழ்பெற்ற உரையை இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 9-ம் தேதி, இதே ஹாலுக்குள் நிகழ்த்தினார்.

இந்தச் சம்பவத்தைப் படித்ததில் இருந்து அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் கண் வாசலுக்குத்தான் போகிறது. உள்ளே 600 பேர், வெளியே ஆயிரக்கணக்கில் ஜனம். இந்த ஹாலின் கதை முழுக்க அந்த வாசல் கதைதான்.

அரசியலும் இந்த வாசல் வழியாகத்தான் வந்தது. நீதிக்கட்சி என்று பின்னாளில் அறியப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கம் உருவாகக் காரணமான 1916 நவம்பர் 20 கூட்டம் விக்டோரியா ஹாலில் நடந்ததாகத்தான் நம் பாடப்புத்தகங்கள் பதிவு செய்கின்றன. பிட்டி தியாகராயர், டி.எம்.நாயர், நடேசனார் என்று பெரிய பெயர்கள். டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிப்பவர்களுக்கு இது மனப்பாடமாகவே இருக்கும். ஆனால் கேள்வித்தாளில் வரும் அந்த ஹால் சென்ட்ரல் பக்கத்திலேயே நிற்கிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பதினெட்டு வயது பையன் பார்த்த தெலுங்கு நாடகம்

1891. பல்லாரியில் இருந்து 'சரச விநோதினி சபா' என்ற தெலுங்கு நாடகக் குழு மெட்ராஸுக்கு வந்து விக்டோரியா ஹாலில் நாடகம் போட்டது. குழுவை நடத்திய கிருஷ்ணமாச்சார்லு ஒரு வக்கீல். பார்வையாளர்களில் ஒரு பதினெட்டு வயது பையன். அவன் பெயர் சம்பந்தம்.

அந்தக் காலத்தில் நாடகம் ஆடுகிறவர் என்றால் 'கூத்தாடி' என்று ஒரு மாதிரியாகச் சொல்வார்கள். சம்பந்தத்துக்கும் அதுவரை தமிழ் நாடகங்கள் மேல் பெரிய மதிப்பு இல்லை. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் மேடையேறி ஆடுகிறார்கள் என்பதைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ மாறிவிட்டது. தெலுங்கில் முடியும் என்றால் தமிழில் ஏன் முடியாது? அதே வருடம் ஜூலை 1-ம் தேதி நண்பர்களோடு 'சுகுண விலாச சபா'வை ஆரம்பித்தார்.

அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார். பிற்பாடு வக்கீலானார், நீதிபதியானார், தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார், பத்மபூஷண் வாங்கினார். 'மனோகரா' படத்தில் சங்கிலியோடு அரசவையில் நின்று சிவாஜி முழங்கும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? 1954-ல் வந்த அந்தப் படம் பம்மலார் எழுதிய 'மனோகரா' நாடகத்தின் மீது எழுந்ததுதான். படத்துக்குச் சுமார் அறுபது வருடங்கள் முன்பே சுகுண விலாச சபா அந்தக் கதையை மேடையேற்றிவிட்டது.

சபா வெறுமனே நாடகம் மட்டும் போடவில்லை. விடிய விடிய நடந்துகொண்டிருந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கியது. பாட்டுக்கு நடுவே கதை என்றிருந்ததை மாற்றி, பேசுகிற வசனத்துக்கு முக்கியத்துவம் கொடுத்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியது, வெனிஸ் வணிகனை 'வாணிபுர வணிகன்' ஆக்கியது. சபா மேடையில் வேஷம் கட்டிய அமெச்சூர் நடிகர்களில், பின்னாளில் காங்கிரஸ் தலைவராக நாடறிந்த எஸ்.சத்தியமூர்த்தியும் ஒருவர்!

பெண்கள் மேடையேறவில்லை. பெண் வேஷமும் ஆண்களே கட்டினார்கள். பம்மலாருக்கு ஜோடியாகப் பல நாடகங்களில் கதாநாயகி வேஷம் போட்டவர் ரங்கவடிவேலு. 1923-ல் அவர் காலமானார். பம்மலார் 'நாடக மேடை நினைவுகள்' என்று சுதேசமித்திரனில் தொடராக எழுதினார். அதில் ரங்கவடிவேலுவைப் பற்றி வரும் பக்கங்கள், கூட வாழ்ந்த ஒருவரை இழந்தவரின் எழுத்தாகத்தான் இருக்கும். நாடகக்காரர்கள் யாரேனும் இந்த இருவரின் நட்பை வைத்தே ஒரு நாடகம் போடலாம். இதே ஹாலில் போட்டால் இன்னும் பொருத்தம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வக்கீல்களும் அதிகாரிகளும் நடித்ததால் நாடகத்துக்கு 'மரியாதை' வந்தது என்று எல்லாக் கட்டுரைகளும் எழுதுகின்றன. உண்மைதான். ஆனால் அதே காலத்தில் கொட்டகைகளில், ஊர் ஊராகச் சென்று, வயிற்றுப் பிழைப்புக்காக ஆடிக்கொண்டிருந்த தொழில்முறை நடிகர்களுக்கு அந்த மரியாதை அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. கலை அதேதான். செங்கல் மண்டபத்தில் ஆடினால் கலைஞர், கீற்றுக் கொட்டகையில் ஆடினால் கூத்தாடி.

அசைந்த படம், ஓடிய காலம்

லூமியர் சகோதரர்கள் பாரீஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895 டிசம்பரில். அதற்கு ஒன்றிரண்டு வருடங்களுக்குள்ளாகவே மெட்ராஸில் விக்டோரியா ஹாலில் சலனப் படம் காட்டினார்கள். சில நிமிடங்களே ஓடும் துண்டுப் படங்கள், சத்தம் கிடையாது, கதை கிடையாது. வீட்டுக்கு மின்சாரமே வராத ஊரில் சுவரில் மனிதர்கள் நடந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் சினிமா இந்த ஹாலில் தங்கவில்லை. தனக்கென்று வீடு தேடிக்கொண்டது. 1913-ல் வார்விக் மேஜர் என்பவர் மவுன்ட் ரோட்டில் 'எலெக்ட்ரிக் தியேட்டர்' கட்டினார். ரிப்பன் மாளிகை திறந்ததும் அதே வருடம்தான். 1914-ல் ரகுபதி வெங்கய்யா 'கெயிட்டி' தியேட்டரைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் அது. 1931-ல் 'காளிதாஸ்' பேசிக்கொண்டே வந்தது. அது ஓடிய 'கினிமா சென்ட்ரல்', விக்டோரியா ஹாலில் இருந்து அதிக தூரமில்லாத ஜார்ஜ் டவுனில் இருந்தது. அதுதான் பின்னாளைய முருகன் டாக்கீஸ்.

இவற்றில் எலெக்ட்ரிக் தியேட்டரின் விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சினிமா அங்கே ஓடியது இரண்டே வருடம். 1915-ல் தபால் துறை வாங்கிவிட்டது. அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள் போய்ப் பாருங்கள். தபால்தலை சேகரிப்பாளர்கள் போகும் ஃபிலாட்டலி பீரோ இருக்கிறதே, அந்தப் பழைய கட்டடம்தான் எலெக்ட்ரிக் தியேட்டர். இரண்டு வருடம் சினிமா, நூறு வருடத்துக்கு மேல் தபால்தலை! இன்றும் நிற்கிறது.

கெயிட்டி நிற்கவில்லை. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பெரிய தியேட்டர்களும் நிற்கவில்லை. மதுரைக்காரர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டர், 2,500-க்கும் மேல் இருக்கைகளோடு 'ஆசியாவிலேயே பெரியது' என்று சொல்லப்பட்டது. அதுவும் போய், அந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்துவிட்டது.

எலெக்ட்ரிக் தியேட்டர் பிழைத்ததற்குக் காரணம் யாரும் அதைப் 'பாதுகாத்தது' இல்லை. தினமும் காலையில் யாரோ ஒருவர் வந்து அதன் கதவைத் திறந்தார், சாயங்காலம் பூட்டினார். ஓடு உடைந்தால் மாற்றினார்கள், ஒழுகினால் அடைத்தார்கள். வேலை இருக்கும் கட்டடத்துக்கு ஆயுள் கெட்டி.

விக்டோரியா ஹாலுக்கு வேலை போன கதைதான் அடுத்தது.

1985 என்ற வருடம்

சுகுண விலாச சபா 1936-ல் மவுன்ட் ரோட்டில் சொந்தக் கட்டடத்துக்குப் போய்விட்டது. நாடகம் போடுவதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் நகரத்தில் வேறு வேறு சபாக்கள் வந்தன. கூட்டம் சேர்க்க வேண்டுமென்றால் கடற்கரை இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. 600 பேர் கூடத்தைத் தேடி யார் வருவார்கள்? கூட்டங்கள், நிகழ்ச்சிகள் என்று ஏதோ நடந்துகொண்டிருந்தாலும், நகரத்தின் நடு மேடை என்ற இடம் கைநழுவிவிட்டது. வளாகத்துக்குள் ஒரு ஹோட்டலும் கடைகளும் முளைத்தன. ரோட்டில் போகிறவர்களுக்கு அந்தச் சிவப்பு முகப்பு முழுசாகத் தெரியாமலே போனது.

பக்கத்திலேயே இரண்டு முக்கியமான அண்டை வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஒன்று மூர் மார்க்கெட். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, முயல் என்று கிடைக்காத பொருள் இல்லை. இன்னொன்று மிருகக்காட்சி சாலை. எங்கள் ஆயா அதை 'உயிர் காலேஜ்' என்றுதான் சொல்லும். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. வடசென்னைக்காரர்களின் இந்த நாமகரணத்துக்கு யாராவது விருது கொடுக்க வேண்டும்.

1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. அங்கே இன்று நிற்பதுதான் புறநகர் ரயில் முனையம். அதே வருடம் உயிர் காலேஜ் வண்டலூருக்குக் குடிபோனது. முன்பு குறித்துக்கொள்ளச் சொன்னேனே, விக்டோரியா ஹாலின் 99 வருடக் குத்தகை முடிந்ததும் அதே 1985-ல்தான். பீப்பிள்ஸ் பார்க்கின் 'பீப்பிள்' ஒரே வருடத்தில் அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். விடுமுறையில் குழந்தை குட்டிகளோடு வந்துகொண்டிருந்த இடம், ரயில் பிடிக்க ஓடுகிறவர்களின் இடமாக மாறியது.

குத்தகை முடிந்ததும், இடம் அறக்கட்டளைக்கா மாநகராட்சிக்கா என்று பிரச்னை கோர்ட்டுக்குப் போனது. கோர்ட்டில் இருக்கும் கட்டடத்துக்கு ஓடு மாற்ற யார் முன்வருவார்கள்? சொத்துத் தகராறில் பூட்டிக் கிடக்கும் வீடு எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். மழை உள்ளே இறங்கும், சுவரில் அரசஞ்செடி முளைக்கும். அப்படித்தான் ஆனது இதுவும். கடைசியில் மாநகராட்சி கைக்கு வந்து, சீரமைப்பு ஆரம்பித்து, இழுத்து, நின்று, நடுவில் மெட்ரோ ரயில் வேலை பக்கத்திலேயே வந்து, தகரத் தடுப்பு அப்படியே இருந்து... நான் பார்த்தது அந்தத் தடுப்பைத்தான்.

பிறகு 2023-ல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி வேலையை முழுமூச்சாகத் தொடங்கினார்கள்.

"பெயின்ட் அடிக்க 32 கோடியா?" என்று கமென்ட் போடுகிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இது சிமென்ட் கட்டடம் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு: சுவருக்குள் போகும் ஈரத்தை மெள்ள வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், செங்கல் உதிர ஆரம்பிக்கும். அதனால் பழைய முறைப்படியே சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்துப் பூச வேண்டும். அந்த வேலை தெரிந்த கைகள் இன்று குறைவு. மரக்கூரையை இறக்கி, செல்லரித்ததை மட்டும் மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது இதைவிடச் சுலபம். அதனால்தான் நம் ஊரில் பல கட்டடங்களை இடித்துவிடுகிறார்கள்.

இனி யாருக்கு?

கட்டடம் மறுபடி நிமிர்ந்துவிட்டது. தரைத்தளத்தில் ஹாலின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம், மாடியில் கலை நிகழ்ச்சிகளுக்கான அரங்கம் என்பது மாநகராட்சியின் திட்டம்.

அருங்காட்சியகம் நல்லதுதான். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்ப்பார்கள், பம்மலார் படத்தின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். என் கவலை மாடியைப் பற்றியது.

சென்னையில் நாடகம், கச்சேரி என்றால் உங்களுக்கு எந்த ஏரியா ஞாபகம் வருகிறது? மயிலாப்பூர், தி.நகர், நாரதகான சபா இருக்கும் டி.டி.கே. சாலை. கூவத்துக்கு வடக்கே இருப்பவர்கள் மேடை நாடகம் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர்... கானா பிறந்து வளர்ந்த இந்தப் பகுதிகளுக்கு நடுநாயகமாக, ரயில், மெட்ரோ, பஸ் மூன்றும் வந்து நிற்கும் வாசலில் ஒரு மேடை கிடைத்திருக்கிறது. இப்படி ஓர் இடம் சென்னையில் வேறு எங்குமே கிடையாது. நாடகம் ஒன்பதரைக்கு முடிந்தாலும் ஓடிப்போய்க் கடைசி ட்ரெயினைப் பிடித்துவிடலாம். நாடகம் பார்க்க வருகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, இடைவேளையிலேயே கிளம்ப வேண்டியிருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால் கேள்வி வாடகையில் வந்து நிற்கிறது. ஒரு சின்ன நாடகக் குழுவின் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். நடிகர்களுக்குச் சம்பளமே கிடையாது. லைட், செட், மேக்கப், வேன் வாடகை. நாடகம் அன்றைக்கு மட்டும் ஹால் போதாது. முந்தின நாள் ஒத்திகைக்கும் வேண்டும். 150 டிக்கெட் விற்றாலே அவர்களுக்குப் பெரிய வெற்றி. இந்தக் கணக்கில் ஹால் வாடகை கொஞ்சம் ஏறினாலும் அவர்களால் நினைத்துப் பார்க்க முடியாது. அப்புறம் அந்த மேடைக்கு யார் வருவார்கள்? நிறுவனங்களின் விருது விழா வரும், பொருள் அறிமுக விழா வரும். மேல்தளத்தில் ஏசி ஓடும், சுவர் பளபளக்கும். பெரம்பூர்க்காரர்கள் பஸ்ஸில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போவார்கள்.

வருடத்துக்கு 28 ரூபாய்க்கு யாரும் இன்று கேட்கப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு நகராட்சி அந்த விலைக்கு நிலம் கொடுத்தபோது ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தானே கொடுத்திருக்கும்? லாபக் கணக்காக அது இருந்திருக்க முடியாது. மாதத்தில் பத்து நாள்களையாவது குறைந்த வாடகைக்கு உள்ளூர்க் குழுக்களுக்கென்று ஒதுக்கிவைக்கலாம். மாநகராட்சிப் பள்ளிகளின் ஆண்டுவிழாவை வருடத்துக்கு ஒருமுறையாவது இங்கே நடத்தலாம். தெருக்கூத்தும் பறையும் கானாவும் இதே மேடையில் ஏறலாம். மூன்று மணி நேரத்தில் நாடகத்தை முடிக்கச் சொன்ன ஹாலில் விடிய விடியக் கூத்து நடந்தால் பம்மலார் கோபித்துக்கொள்வாரோ என்னவோ, நான் முன்வரிசையில் இருப்பேன்.

எழும்பூரில் மியூசியம் தியேட்டர் இருக்கிறது. இதுவும் 19-ம் நூற்றாண்டுக் கட்டடம்தான். நாற்காலி அவ்வளவு வசதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றும் அங்கே நாடகம் நடக்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் வசனத்தை மறந்து விழிக்கிறார்கள், கைத்தட்டல் விழுகிறது. அதைப் பார்க்கும்போது 'பாரம்பரியக் கட்டடம்' என்ற எண்ணமே வருவதில்லை. தியேட்டர் என்றுதான் தோன்றுகிறது.

எங்கள் ஆயாவுக்கு 70 வயதைத் தாண்டிவிட்டது. புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தது. காணும் பொங்கலுக்கு வருடா வருடம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு உயிர் காலேஜுக்குப் போன கதையை நூறு தடவையாவது சொல்லியிருக்கும். இந்தக் கட்டுரைக்காக எடுத்த போட்டோக்களை போனில் காட்டினேன்.

"இந்தச் செவப்புக் கட்டடமா? இதைத் தாண்டித்தானே போவோம்" என்றது.

"உள்ளே போயிருக்கியா, ஆயா?"

"அதுக்குள்ள நாம எதுக்குப் போறோம்? அது பெரிய மனுஷங்க எடம், கண்ணு."

போட்டோவை விரலால் பெரிசாக்கி, கோபுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டது.

"இப்போ உள்ள நாடகம் போடுவாங்களா?"

"போடுவாங்கன்னுதான் சொல்றாங்க."

"டிக்கெட்டு எவ்ளோன்னு கேட்டு வை. முட்டி வலி இல்லாத நாளா பார்த்துப் போலாம்."